நாற்காலி கொடுத்தீர்கள், நட்டு முடுக்க ஆள்?

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். எங்கள் கொட்டகையில் இப்போது, தேவைப்படுவோருக்கு இரவல் கொடுக்கும் 14 சக்கர நாற்காலிகள் இருக்கின்றன. அவற்றில் 6 ஓடாது. பதினான்கின் முதுகுத் துணியிலும் உங்கள் அறக்கட்டளையின் பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஸ்டிக்கர் மட்டும் எதிலும் கிழியவில்லை.

எடுத்த எடுப்பிலேயே குத்தலாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள்மேல் கோபம் இருந்தால் இதை எழுதவே மாட்டேன். பணம் கொடுப்பவரிடம் வாங்குபவர் உண்மையைச் சொல்வது அபூர்வம். அடுத்த ஆண்டு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. எனக்கு அந்தப் பயம் கொஞ்சம் குறைவு. ஓய்வு பெற்றவன், இந்த அமைப்பில் சம்பளமில்லாமல் கணக்கு எழுதுகிறவன். போவதென்றால் ஒரு நோட்டையும் ஒரு கால்குலேட்டரையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

முதலில் நீங்கள் செய்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒரு முதியவருக்கு மூன்று மாதமோ நான்கு மாதமோ ஒரு சக்கர நாற்காலி வேண்டும். விலைக்கு வாங்கினால் பிறகு அது மூலையில் கிடக்கும். நிரந்தரக் குறைபாடு உள்ளவர்களை மனத்தில் வைத்துப் போட்ட திட்டங்களில் அவருக்கு இடமில்லை. பெரிய நிதி நிறுவனங்களின் கண்ணுக்கு இவ்வளவு சின்னத் தேவை தெரியவே தெரியாது. இந்தச் சந்தில்தான் நீங்கள் வந்து நின்றீர்கள். நாங்கள் விண்ணப்பம் போட்ட மூன்றாம் நாளே உங்களில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "இரவல் கொடுக்கிறீர்களே, திரும்பி வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். வந்தன. இத்தனை ஆண்டில் ஒன்றே ஒன்றுதான் திரும்பவில்லை, அதுவும் வெள்ளத்தில் போனது. உள்ளூர் அறக்கட்டளையின் பலமே இதுதான். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஒரு தொலைபேசி தூரம்தான். யார் சொல்வது நடக்கும், யார் சொல்வது நடக்காது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, அந்த ஆறு நாற்காலிகளுக்கு வருகிறேன்.

சக்கர நாற்காலியில் முதலில் சாவது முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம். வீட்டு நிலைப்படியில் ஏற்றி இறக்கும்போது அடி முழுவதும் அதன்மேல்தான் விழும். பின் சக்கரத்தைத் தள்ளத் தெரிந்தவர்களுக்கும் முன் சக்கரத்தைத் தூக்கத் தெரியாது. குளியலறை ஈரம் பேரிங்குக்குள் போய்த் துருப்பிடித்துவிடும். தலைமுடி சுற்றிக்கொள்ளும். நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கும். தள்ளுகிறவர் இழுவையைச் சமாளிக்க ஒரு கையை அழுத்திப் பிடிப்பார். சில வாரத்தில் அந்தப் பக்கத்துக் கைப்பிடி ரப்பர் கழன்றுவிடும். அப்புறம் பிரேக். டயரில் காற்று குறைந்தால் பிரேக் கட்டை டயரைத் தொடாது. உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்க முயலும் நேரத்தில் நாற்காலி பின்னால் நழுவும். காற்றடிக்காத ஒரு டயரால் இரண்டாவது முறை இடுப்பு முறிந்தவரை எனக்குத் தெரியும். காற்றுக்குச் செலவு ஏது? பார்த்து அடிக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆள் எங்களிடம் இருந்தார். சைக்கிள் மெக்கானிக். வாரத்தில் இரண்டு நாள் வருவார். திரும்பி வரும் ஒவ்வொரு நாற்காலியையும் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, சின்னச் சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். "கரகர" என்றால் பேரிங். "டக் டக்" என்றால் நட்டு. சத்தமில்லாமல் சுற்றினால்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். போகும் முன் யாருக்கு என்று கேட்பார். உயரம் கேட்பார், எடை கேட்பார். கால் பலகையை அதற்கேற்ப ஏற்றி இறக்குவார். கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தும், பலகை மேலே இருந்தால் எடை முழுவதும் பின்புறத்தில் இறங்கும். நாள்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருப்பவருக்கு அது புண்ணாகும், புண் சீழ்பிடிக்கும். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்தவரில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் சக்கர நாற்காலி வழங்குவதற்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் 8 படிகள். நாற்காலிக்குப் பணம் புரட்டி வாங்குவது அதில் ஒரே ஒரு படிதான். ஆளைப் பார்த்து அளவெடுப்பது, பொருத்துவது, ஓட்டப் பழக்குவது எல்லாம் தனித்தனிப் படிகள். எட்டாவது படி பராமரிப்பும் பழுதுபார்ப்பும் தொடர்ந்து கவனிப்பதும். எங்கள் மெக்கானிக் அந்த எட்டில் பாதியை ஒரு ஸ்பேனரும் ஒரு எண்ணெய்க் குப்பியும் வைத்துக்கொண்டு செய்துகொண்டிருந்தார்.

இப்போது அவர் வருவதில்லை. அவருக்குக் கொடுக்க எங்களிடம் பணமில்லை.

உங்கள் விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: சம்பளம், வாடகை, மின்கட்டணம், பராமரிப்பு ஆகியவற்றுக்கு நல்கை வழங்கப்படமாட்டாது. யார் எப்போது எழுதிய வரியோ தெரியாது, உங்களில் பலர் அதைக் கடைசியாக எப்போது படித்தீர்கள் என்றும் தெரியாது. நான் ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறேன். போன ஆண்டு, ஆறு நாற்காலி ஓடவில்லை என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னேன். அக்கறையோடுதான் கேட்டார்கள். "புதிதாக ஆறு கேட்டு விண்ணப்பம் போடுங்கள், கிடைக்கும்" என்றார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று நாற்காலி வாங்கும் பணத்தில் அந்த மெக்கானிக்கை ஓராண்டு வைத்துக்கொண்டு, பதினான்கையும் ஓட்டிவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வரி அப்படியே இருக்கும்போது மெக்கானிக்குக் கூலி இரண்டு ஆண்டு எப்படிப் போனது? "தன்னார்வலர் பயிற்சி" என்ற தலைப்பில் போனது. நான்தான் எழுதினேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, கூட நின்ற ஒன்றிரண்டு பேருக்கு அவர் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்தார். ஆனால் உங்கள் கண்ணில் மண்ணைத் தூவத்தான் அப்படி எழுதினேன். பிறகு உங்கள் தணிக்கையாளர், பயிற்சிக்கு வருகைப் பதிவேடு எங்கே என்று கேட்டார். இல்லை. அந்தத் தலைப்பு அத்தோடு நின்றது. தணிக்கையாளர்மேல் தப்பில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதி, ஓய்வுக்குப் பிறகு, அதுவும் தர்ம காரியத்தில், முதன்முறையாகத் தலைப்பு மாற்றி எழுதினேன். நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

நான் ஒருவன் மட்டும் செய்கிற வேலையும் இல்லை இது. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இதற்குப் "பட்டினிச் சுழல்" என்று பேரே வைத்தார்கள். பணம் தருகிறவர், நிர்வாகச் செலவு இவ்வளவு குறைவாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறார். வாங்குகிறவர் அந்த எதிர்பார்ப்புக்கு ஏற்றபடி செலவை உண்மையிலேயே குறைக்கிறார், முடியாததை மறைக்கிறார். கணக்கில் சின்ன எண் விழுகிறது. அதைப் பார்த்துத் தருகிறவர், "பார், இவ்வளவில் முடிகிறதே" என்று அடுத்த ஆண்டு இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார். சுழல் இப்படியே இறுகிக்கொண்டு போகிறது. 2013-ல் அங்கே தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமைப்புகள் சேர்ந்து, கொடையாளர்களுக்கு ஒரு திறந்த மடலே எழுதின. நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பின் தரத்தை அளக்காதீர்கள் என்பது அதன் சாரம். அந்த விகிதத்தைப் பார்க்கச் சொல்லிப் பழக்கியதில் அவர்களைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு என்பது வேறு கதை. ஆக, இந்தப் பொருளில் திறந்த மடல் எழுதுகிற முதல் ஆள் நானில்லை.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. சம்பளம் என்று திறந்துவிட்டால் எல்லாப் பணமும் சம்பளமாகவே போய்விடும், ஏழைக்கு ஒன்றும் சேராது என்ற பயம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்? அளப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஒரு கணக்கனாக ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். திருட வேண்டும் என்று நினைப்பவனுக்குப் பொருள் வாங்குவதுதான் வசதி. ஒரு கடைக்காரர் ஒத்துழைத்தால் போதும், பில்லில் தொகை ஏறிவிடும். பொருள் கண்முன்னே இருக்கும், பில்லும் சரியாக இருக்கும், யாராலும் பிடிக்க முடியாது. ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுப்பதில் அப்படி விளையாடுவது கடினம். அவர் வருகிறாரா என்று நீங்களே ஒரு நாள் வந்து பார்க்கலாம். நாற்காலி ஓடுகிறதா என்று தள்ளிப் பார்க்கலாம். நீங்கள் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும் விதி, திருடாதவர்களின் கையை மட்டும்தான் கட்டிவைத்திருக்கிறது.

பொருளோடு கட்டிவிட்ட பணம் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதைகள் உண்டு. பிராயன் முல்லன்ஃபி என்று ஒருவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மேயராக இருந்தவர், 1851-ல் இறந்தார். தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை, மேற்கே குடியேறுவதற்காக அந்த நகர் வழியாகப் போகும் வழிப்போக்கர்களின் உதவிக்கு எழுதிவைத்தார். அன்றைக்கு அது சரியான தர்மம். மேற்கே போகிறவர்களுக்கு அந்த நகரம்தான் வாசல், நோயும் வறுமையுமாக வந்து இறங்கினார்கள். பிறகு ரயில் வந்தது, கூண்டு வண்டிகள் காணாமல் போயின. வழிப்போக்கர் இல்லை, ஆனால் பணம் இருந்தது, வளர்ந்தும் வந்தது. உயில் எழுதியவர் இல்லாததால் அதை எளிதில் திருத்தவும் வழியில்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கதையும் அப்படித்தான். 1790-ல் இறந்தபோது பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு விட்டுச்சென்றார். 25 வயதுக்கு உட்பட்ட, திருமணமான, ஒரு குருவிடம் தொழில் பழகி முடித்த கைவினைஞர்களுக்குக் கடனாகக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. தொழிற்சாலைகள் பெருகின, குருவிடம் தொழில் பழகும் வழக்கம் தேய்ந்தது, கடன் வாங்க ஆள் குறைந்தார்கள். நல்ல மனசும் கெட்டிக்காரத்தனமும் உள்ளவர்தான் எழுதினார். ஆனாலும் நாளையைத் தன் கையெழுத்தால் கட்டிவைக்க அவராலும் முடியவில்லை.

இப்படிச் செத்தவர் கை, உயிரோடிருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறதே என்று யோசித்தவர்தான் ஃபிரெடரிக் காஃப். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வங்கி நடத்தியவர். 1914-ல் அவர் தொடங்கிய கிளீவ்லாந்து ஃபவுண்டேஷன்தான் உலகின் முதல் சமூக அறக்கட்டளை என்று சொல்வார்கள். பலர் விட்டுச்செல்லும் பணத்தை ஒரே மூலநிதியாகச் சேர்த்து, அசலைத் தொடாமல், அதன் வருமானத்தை அந்தந்தக் காலத்துத் தேவைக்கு ஏற்பக் கொடுக்க உள்ளூர்க்காரர்களின் குழு ஒன்று. தேவை மாறினால் கொடுப்பதும் மாறும். நீங்கள் இன்று உட்கார்ந்திருக்கும் நாற்காலி (இந்த இடத்தில் நாற்காலி என்ற சொல் தானாகவே வந்து விழுகிறது) அந்த யோசனையின் வாரிசு. குழு என்று ஒன்றை வைத்ததே, அச்சடித்த வரி யோசிக்காது, ஆட்கள் யோசிப்பார்கள் என்பதற்காகத்தான். அந்தக் கடைசிப் பக்கத்து வரியைத் திருத்த உங்களுக்கு யார் உயிலையும் உடைக்க வேண்டியதில்லை. ஒரு கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

2020-ல் கொரோனா வந்தபோது பல நாட்டு அறக்கட்டளைகள் இதைச் செய்துகாட்டின. ஏற்கெனவே கொடுத்திருந்த பணத்தின் நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள். பயிலரங்கு நடத்தக் கொடுத்ததை வாடகைக்குச் செலவழித்துக்கொள்ளுங்கள், அறிக்கையைப் பிறகு அனுப்புங்கள் என்றார்கள். அமெரிக்காவில் மட்டும் நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள் அப்படி உறுதியெழுதிக் கையெழுத்துப் போட்டன. கெட்ட காலத்தில் அவ்வளவு நம்பியவர்கள், சாதாரண நாளில் கொஞ்சமாவது நம்பலாம்.

படிவத்தைப் பற்றியும் சுருக்கமாக ஒன்று. எங்களுக்கு நீங்கள் தருவது சிறிய தொகை. அதற்கு 22 பக்கம். நோக்கம், குறிக்கோள், இலக்கு என்று மூன்று பெட்டி. மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு நிரப்புகிறேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பெரிய தொகைக்கு 22 பக்கம் கேளுங்கள். சின்னத் தொகைக்கு இரண்டு பக்கமும் ஒரு தொலைபேசிப் பேச்சும் போதும். முதல் ஆண்டு நீங்கள் கூப்பிட்டுக் கேட்ட அந்த ஒரு கேள்வி, 22 பக்கத்தைவிட உங்களுக்கு அதிகம் சொல்லியிருக்கும். அப்படியே, கொடுக்கப்போவதில்லை என்றால் அதையும் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். ஐந்து மாதம் காத்திருந்து வாங்கும் "இல்லை"யைவிட ஐந்தாம் நாளில் வரும் "இல்லை" எவ்வளவோ மேல். வேறு கதவைத் தட்டலாம் இல்லையா?

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வழங்கும்போது படம் எடுத்து அனுப்பச் சொல்கிறீர்கள். அனுப்புகிறோம். போன ஆண்டு அனுப்பிய படத்தை எடுத்துப் பாருங்கள். நாற்காலியில் ஒரு அம்மா, பின்னால் நாங்கள் நான்கு பேர் பல் தெரிய நிற்கிறோம். அந்த அம்மா கேமராவைப் பார்க்கவில்லை, தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாழ்நாள் முழுக்க யாரிடமும் கையேந்தாதவர். இரவல் வாங்குகிற ஒரு சாமானுக்காக அவர் ஏன் ஆல்பத்தில் உட்கார வேண்டும்? ஆதாரம்தானே வேண்டும், எங்கள் இரவல் பதிவேட்டைப் பாருங்கள். எந்த நாற்காலி, எந்தத் தேதியில் போனது, எந்தத் தேதியில் வந்தது, வரும்போது என்ன பழுது, எல்லாம் அதில் இருக்கிறது. அதில் "பழுது நீக்கிய தேதி" என்று ஒரு பத்தி உண்டு. இந்த ஆறு மாதமாக அந்தப் பத்தி காலி. எந்தப் படத்திலும் இது தெரியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கூடுதல் பணம் கேட்கவில்லை. தருகிற அதே தொகையில் ஒரு பங்கை, ஆளுக்கும் வாடகைக்கும் எண்ணெய்க்கும் செலவழிக்க விடுங்கள். எவ்வளவு பங்கு என்று நீங்களே சொல்லுங்கள், அதற்குள் நிற்கிறோம். முடிந்தால் மூன்று ஆண்டுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை முடிந்து ஆண்டுக்கு ஒரு முறை தொடங்கும் பணத்தை நம்பி எந்த மெக்கானிக்கும் மற்ற வேலையை விட்டு வரமாட்டார். அவரிடம் நான் பேசியாயிற்று. "எத்தனை மாசத்துக்கு சார்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. கூலி எவ்வளவு என்பது இரண்டாவது.

அடுத்த மாதக் கடைசிக்குள் இந்த ஆண்டு விண்ணப்பம் வந்து சேர வேண்டும் என்று கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள். எழுதி முடித்துவிட்டேன். 22 பக்கமும் இருக்கிறது, மூன்று பெட்டியும் நிரம்பியிருக்கிறது. புதிய நாற்காலி ஒன்றுகூடக் கேட்கவில்லை. செலவுப் பட்டியலின் முதல் வரியில், பயிற்சி என்றோ வேறு பெயரிலோ இல்லாமல், "பழுதுபார்ப்பவர் கூலி, வாரம் 2 நாள்" என்றே எழுதியிருக்கிறேன். விதிப்படி தள்ள வேண்டுமானால் தள்ளிவிடுங்கள். தள்ளும் முன் ஒரு நடை கொட்டகைக்கு வந்து, சுவரோரம் நிற்கும் ஆறில் எதையாவது ஒன்றைத் தள்ளிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலையில் நான் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நல்கைக்குக் கணக்கு எழுதும் தன்னார்வலர்